பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடம்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் அமெரிக்கக் கிடார்காரரும் பாடகருமான பி.பி. கிங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பாடும்போது அவர் கிடாரைத் தொட மாட்டார், வாசிக்கும்போது வாய் திறக்க மாட்டார் என்று அதில் ஒரு வரி வரும். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை கிடார்காரர்களையும், உயிரைக் கொடுத்துப் பாடிய பாடகர்களையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாடிக்கொண்டே வாசிப்பதுதானே திறமை? அது முடியாத ஒருவரை மேதை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, நான் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர்தான் எனக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தார். ரயில் இன்ஜின் ஓட்டுநர். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். டேப் ரெக்கார்டரில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, கூடவே வாசிக்கச் சொல்வார். டேப்பில் பாடகர் வாயைத் திறந்ததும் அவருடைய உள்ளங்கை வந்து என் கம்பிகள் மேல் அமரும். சத்தம் நின்றுவிடும். பாடகர் வரியை முடித்து மூச்சு வாங்கும்போது கை விலகும். அந்த ஒரு நொடிதான் எனக்கு. இப்படி ஒரு வருஷம்.

பின்னாளில் மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் ரிதம் கிடார் வாசித்தேன். பாடகர் பாடும்போது நான் வாசிக்காமல் விட்ட இடங்களுக்காகத்தான் அவர்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பி.பி. கிங் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டார். 1925-இல் மிஸிஸிப்பியின் பருத்திக் காட்டில் பிறந்தவர், பருத்தி எடுத்தவர், டிராக்டர் ஓட்டியவர். பாட்டும் வாசிப்பும் ஒரே நேரத்தில் தனக்கு வராது என்று வெளிப்படையாகவே சொல்வார். அதனால் அவர் பாட்டில் குரல் ஒரு வரி கேட்கும், கிடார் ஒரு வரி பதில் சொல்லும். நம் கச்சேரியில் பாடகர் ஆலாபனையில் ஒரு பிடி பிடித்து நிறுத்த, வயலின்காரர் அதை வாங்கிக்கொள்வாரே, அதே உறவுதான். இங்கே இரண்டு பேரும் ஒருவரே.

அவர் இடது கையைக் கவனியுங்கள். ஒரு சுரத்தில் நின்றதும் கட்டைவிரல் கிடாரின் கழுத்தை விட்டு விலகிவிடும். ஒரே விரல் கம்பியில் ஊன்றியிருக்க, முழுக் கையும் கதவு கீலில் ஆடுகிற மாதிரி ஆடும். அவருடைய உறவினர் புக்கா ஒயிட், கம்பிமேல் உலோகத்தை நழுவவிட்டு வாசிக்கும் ஸ்லைடு பாணியில் பெரிய கை. அந்த அழுகைச் சத்தத்துக்குக் கிங் ஆசைப்பட்டார். ஸ்லைடு கை வரவில்லை. விரலை ஆட்டியே அதைக் கொண்டுவரப் பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் உலகமே காப்பியடிக்கும் அந்த அசைவு.

1949 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற ஊரில், ஒரு ஆட்ட அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு நடுக்கூடத்தில் மண்ணெண்ணெய் எரியும் பீப்பாய் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் சண்டையில் அதைத் தள்ளிவிட, கட்டடம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடிவந்த கிங், கிடாரை மறந்துவிட்டோமே என்று எரியும் கட்டடத்துக்குள் திரும்ப ஓடினார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து 2015-இல் சாகும்வரை அவர் வைத்திருந்த கிடாருக்கெல்லாம் அதுதான் பெயர். கேட்க வேண்டுமானால் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவான நேரடிக் கச்சேரியைக் கேளுங்கள், ஐயா. கிடார் பதில் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் பதில் சொல்லிவிடும்.

'சோல்' இசை என்றால் 'ஆன்ம இசை' என்று மொழிபெயர்க்கலாமா?
— வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர், புதுச்சேரி

வேண்டாம். 'ஆன்ம இசை' என்றதும் நமக்குத் தியானம், ஊதுவத்தி என்று வேறு வாசனை வந்துவிடுகிறது. சோல் வேர்த்து ஒழுகும் இசை. கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பாடிய பாட்டை, சனிக்கிழமை ராத்திரிக் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். 1954-இல் ரே சார்ல்ஸ் ஒரு கிறிஸ்தவப் பாட்டின் மெட்டைப் பிடித்து அதில் காதலியைப் பற்றிப் பாடினார். சபைக்காரர்கள் கொதித்துப்போனார்கள், இளைஞர்கள் கொண்டாடினார்கள். சாம் குக் தேவாலயக் குழுவிலிருந்தே வந்தவர். அரீத்தா ஃப்ராங்ளின், டெட்ராய்ட் நகரத்தில் புகழ்பெற்ற போதகரின் மகள்.

அந்த அரீத்தா 1972 ஜனவரியில், புகழின் உச்சியில் இருக்கும்போது, லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு ராத்திரி பாடினார். 'அமேஸிங் கிரேஸ்' என்ற பாட்டை நம்மூர் சபைகளிலும் பாடுவார்கள், நான்கு நிமிடத்தில் முடியும். அரீத்தா பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். ஒரே அசையில் நின்று, ஏறி, சுற்றி, இறங்கி வருகிறார். நம் கச்சேரியில் ஒரே வரியை விரித்து விரித்துப் பாடும் நிரவலைக் கேட்ட காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. நடுவில் அவர் நிறுத்தும்போது சபையிலிருந்து ஒருவர் கத்துவது பதிவாகியிருக்கிறது. எனக்கு அந்தக் கத்தலும் பாட்டில் சேர்த்திதான்.

அந்த இரண்டு ராத்திரியையும் ஹாலிவுட் இயக்குநர் சிட்னி போலாக் படம் பிடித்தார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் அடிக்காமல் விட்டதால் படமும் ஒலியும் சேரவில்லை. டப்பாக்களில் கிடந்து, 2018-இல் அரீத்தா இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது. கட்டாயம் பாருங்கள்.

'சோல்' என்றே எழுதுங்கள். நம் வாசகர்களுக்குப் புரியும்.

உலகிலேயே வேகமான கிடார் கலைஞர் யார்?
— பத்தாம் வகுப்பு மாணவர், சிவகாசி

தம்பி, வேகத்துக்கு நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. உனக்கு ஒருவரைச் சொல்கிறேன்: வெஸ் மான்ட்கோமரி. பகலில் ஃபேக்டரி வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு, நடுவில் வீட்டில் சாதகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் என்று குறை சொன்னார்கள். கம்பியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலின் சதையால் மெதுவாக மீட்டத் தொடங்கினார். அந்தப் பஞ்சு மாதிரியான நாதம் ஜாஸ் கிடாரையே மாற்றிவிட்டது. அவரை ஒரு வாரம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுது.

ஓட்டிஸ் ரெட்டிங் என்ற பெயரை நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

முதல் ஹிட் பாட்டிலிருந்தும் கடைசிப் பாட்டிலிருந்தும். இரண்டுக்கும் நடுவில் ஐந்தே வருஷம்தான் இருக்கிறது, அம்மா.

மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்றொரு ரெக்கார்டிங் கம்பெனி. பழைய சினிமாத் தியேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்களே தவிர, சரிவான தரை அப்படியே இருந்தது. திரை இருந்த மேடையில் கன்ட்ரோல் ரூம், தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்டு கடை. வெளியே கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே தகராறாக இருந்த காலம். உள்ளே புக்கர் டி. ஜோன்ஸும் ஆல் ஜாக்சனும் கறுப்பர்கள், ஸ்டீவ் க்ராப்பரும் டக் டன்னும் வெள்ளையர்கள். தினமும் ஒரே அறையில் வாசித்தார்கள்.

1962 அக்டோபரில் ஜானி ஜென்கின்ஸ் என்ற கிடார்காரர் பதிவுக்கு வந்தார். அவருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த 21 வயதுப் பையன்தான் ஓட்டிஸ். ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில், நானும் ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று பையன் கேட்டான். அந்தப் பாட்டுக்கு க்ராப்பர் கிடாரைத் தொடவில்லை, பியானோவில் உட்கார்ந்து மூன்று மூன்றாகத் தட்டிக் கொடுத்தார். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' அப்படிப் பிறந்தது. பாட்டின் முதல் சொல்லை ஓட்டிஸ் இழுக்கும்போது பின்னால் பெரிதாக ஒன்றுமே இல்லை. பையனுடைய தொண்டை மட்டும்தான்.

க்ராப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலுக்கு அவர்தான் குலதெய்வம். கையில் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார். நீளமான சோலோ வாசிக்க மாட்டார். இரண்டு சுரம், மூன்று சுரம், அப்புறம் மௌனம். 'சோல் மேன்' பாட்டில் ஓரிடத்தில் பாடகர் உற்சாகம் தாங்காமல் "வாசி, ஸ்டீவ்!" என்று கத்துகிறார். அந்த நழுவல் சத்தத்துக்கு க்ராப்பர் பயன்படுத்தியது ஒரு சிகரெட் லைட்டர். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் கிடார் பையன்களுக்கெல்லாம் இந்தப் பாட்டைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

கடைசிப் பாட்டு 'டாக் ஆஃப் த பே'. 1967-இல் ஓட்டிஸுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்து, சில வாரம் குரலுக்கு ஓய்வு. திரும்பி வந்தபோது கத்திப் பாடிய அந்த ஆள் காணோம். கடற்கரைத் துறையில் உட்கார்ந்து அலை வருவதும் போவதும் பார்க்கிற ஒருவர் தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி பாடினார். க்ராப்பரும் சேர்ந்து எழுதிய பாட்டு. நவம்பரிலும் டிசம்பர் 7-ஆம் தேதியும் பதிவு செய்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி ஓட்டிஸ் போன சிறு விமானம் விஸ்கான்சினில் குளிர்ந்த ஏரி ஒன்றில் விழுந்தது. கூட வந்தவர்களில் பென் காலி என்ற டிரம்பெட்காரர் ஒருவர்தான் பிழைத்தார். ஓட்டிஸுக்கு 26 வயது.

நண்பன் இறந்த அந்தச் சில நாட்களுக்குள்ளேயே க்ராப்பர் உட்கார்ந்து பாட்டின் மிக்ஸிங்கை முடித்தார். அலைச் சத்தமும் கடற்பறவைச் சத்தமும் அவர் சேர்த்தவை. ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கிடார் ஒரு சின்னப் பதில் சொல்லும், பறவைக்குப் பறவை பேசுகிற மாதிரி. கடைசியில் ஓட்டிஸ் சொற்களை விட்டுவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போய்விடுகிறார். பாடகர் இறந்த பிறகு அமெரிக்காவின் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு அது. நான் நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். அந்தச் சீட்டி வரும்போது இன்றும் பக்கத்தில் யாராவது பேசினால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டில் 'ஐ நோ, ஐ நோ' என்று ஓயாமல் வருகிறதே. வரி மறந்துபோய்ச் சமாளித்தாரா?
— செல்போன் கடை உரிமையாளர், ஈரோடு

மறக்கவில்லை, எழுதவில்லை. பில் விதர்ஸ் அந்த இடத்தில் பிறகு வரி எழுதிக்கொள்ளலாம் என்று சும்மா நிரப்பிப் பாடினார். தயாரிப்பாளர், மேலே சொன்ன அதே புக்கர் டி. அப்படியே விட்டுவிடச் சொன்னார். மொத்தம் 26 தடவை. எண்ணிப் பாருங்கள். போகப் போக மூச்சு முட்டுகிறது, வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. எந்த வரி எழுதியிருந்தாலும் அவ்வளவு வலி வந்திருக்காது.

விதர்ஸ் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் திக்குவாய். கடற்படையில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். 1971-இல் அவருடைய முதல் ஆல்பத்தின் அட்டையில் கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார். பாட்டு ஜெயித்தாலும் வேலையை உடனே விட அவருக்கு மனசில்லை. அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொன்மலைப் பட்டறைக்கு சைக்கிளில் கேரியர் மாட்டிக்கொண்டு போன அப்பா ஞாபகம்.

பெண் கிடார் கலைஞர்களே இல்லையா? உங்கள் பக்கத்தில் எப்போதும் ஆண்கள் பெயர்தான்.
— பேருந்து நடத்துநர், மதுரை

உங்கள் குறை நியாயமானது, சகோதரி. எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பெயர் சிஸ்டர் ரொஸெட்டா தார்ப். 1915-இல் ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த அம்மாவோடு ஆறு வயதிலேயே மேடை ஏறியவர். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு வெகு முன்பே, 1940-களிலேயே, எலெக்ட்ரிக் கிடாரில் அதை வாசித்தவர்.

1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் வராத ஒரு பழைய ஸ்டேஷனில் டெலிவிஷனுக்காக ஒரு கச்சேரி. ஒரு பிளாட்ஃபாரத்தில் ரசிகர்கள், தண்டவாளத்துக்கு அந்தப்பக்கப் பிளாட்ஃபாரத்தில் கலைஞர்கள். மழை பிடித்துக்கொண்டது. ரொஸெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், நல்ல கோட்டு, ஐம்பதை நெருங்கும் வயது. வெள்ளை நிற கிப்ஸன் கிடாரை மாட்டிக்கொண்டு, அந்த மழையைப் பார்த்தே பெருமழையைப் பற்றிய பழைய தேவாலயப் பாட்டை எடுக்கிறார். ஈரப் பிளாட்ஃபாரத்தில் நடந்துகொண்டே ஒரு சோலோ. ரயில்வே காலனியில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த ஸ்டேஷன் காட்சி என் கண்ணைவிட்டுப் போவதில்லை. அவர் 1973-இல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட வைக்கவில்லை. பல வருஷம் அப்படியே கிடந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

வீணை கற்கிறேன். கிடாரில் கமகம் வருமா?
— இசைக் கல்லூரி மாணவர், திருவையாறு

கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் வரும். ஆனால் வீணையின் மெழுகு மேளத்தில் ஒரே மெட்டில், அதாவது விரல் வைக்கும் ஒரே கட்டையில், எத்தனை சுரம் வரை இழுக்கிறீர்களோ, அந்த ஆழம் சாதாரணக் கிடாரில் சுலபமில்லை. விரல் மரத்தில் உரசிவிடும். ஜான் மெக்லாஃப்லின் வீணை கற்றவர். 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் வாசிக்கும் நம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவைத் தொடங்கியபோது, மெட்டுகளுக்கு நடுவில் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிடாரைச் செய்துகொண்டார். குறுக்கே சுருதிக்கென்று தனிக் கம்பிகளும் உண்டு. விரலுக்குக் கீழே மரமில்லை, காற்றுதான். 1975-இல் பதிவான அவர்களுடைய முதல் கச்சேரியைக் கேளுங்கள். கிடார் வயலினோடு சண்டைக்குப் போகும் இடங்கள் அபாரம். எனக்கு அதைவிடப் பிடித்தவை, மெக்லாஃப்லின் நிறுத்திவிட்டுக் கடத்தைக் கேட்கும் இடங்கள்.

என் கணவர் முப்பது வருஷம் கிடார் வாசித்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கிடாரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு எந்தப் பாட்டைப் போடட்டும்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

கர்ட்டிஸ் மேஃபீல்டைப் போடுங்கள். சிகாகோக்காரர். மெல்லிய, உயர்ந்த குரல். யாரிடமும் கிடார் கற்காதவர். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஒத்துவரும்படி தானாகவே கம்பிகளைச் சுருதி கூட்டிக்கொண்டவர். அவருடைய கைவண்ணம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 1965-இல் வந்த 'பீப்பிள் கெட் ரெடி' இரண்டரை நிமிடச் சொச்சம்தான். ரயில் வருகிறது, டிக்கெட் வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்கிற பாட்டு. நடுவில் வரும் கிடார் ஒரு சின்னக் குழந்தை பேசுவதைப் போல இருக்கும்.

1990 ஆகஸ்டில் புரூக்ளினில் திறந்தவெளி மேடை. காற்றில் விளக்குக் கோபுரம் சரிந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கிடார் அன்றோடு போனது. ஆனாலும் 1996-இல் ஒரு முழு ஆல்பம் பாடினார். உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் காற்றுப் போதவில்லை, மல்லாந்து படுத்தால் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. அப்படிப் படுத்துக்கொண்டு ஒரு வரி பாடுவார், ஓய்வெடுப்பார், அடுத்த வரி பாடுவார். அந்த வரிகளைக் கோத்துப் பாட்டாக்கினார்கள். முதல் நாள் 1965 பாட்டைப் போடுங்கள். இந்த ஆல்பத்தை அவராகக் கேட்கும்போது போட்டால் போதும்.

இன்னொன்று. வலது கை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கிடாரை யாரிடமாவது கொடுத்து, ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பியை இ-யிலிருந்து டி-க்கும் இறக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்றைத் தொட வேண்டாம். ஓபன் ஜி என்று சொன்னால் கிடார் தெரிந்த எந்தப் பையனும் செய்து தருவான். அதற்குப் பிறகு இடது கையே தேவையில்லை. வெறும் கம்பியை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினால் முழு கார்ட் ஒன்று பேசும். கிடாரை அவர் மடியில் படுக்கவைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கம்பியைத் தொட்டால், அந்தச் சுருதியில் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டை மெதுவாக எடுங்கள். வரி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள், அவர் வாசிக்கட்டும். என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.